மூன்று நாள் பாரிஸும் மூலக்குளத்து ஏழுமலையும்

போன வாரம் நிவேதா போன் பண்ணினாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிராவல்ஸ் ஆபீஸில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நல்ல பெண்தான். ஆனால் எதையும் பத்தாகப் பிரித்து வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"மேடம், வெப்சைட்டுல ஒரு பக்கம் போடறோம். வீக்எண்டுக்குப் பாரிஸ் போகப் பத்துக் காரணம். கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுச்சி. நீங்க ஒரு வாட்டி பாத்துட்டு, உங்க அனுபவத்துல எதனா சேக்கணும்னா சொல்லுங்க."

அனுப்பியதைப் படித்தேன். நதிக்கரையில் கைகோத்து நடக்கலாமாம். மியூசியத்தில் காலம் உறைந்து நிற்குமாம். தெருவோரக் காப்பிக் கடையில் உட்கார்ந்து உலகம் நகர்வதை ரசிக்கலாமாம். அந்தக் காப்பிக் கடையில் எங்கள் ஊர் ஆட்களை வருடக்கணக்கில் உட்கார வைத்தவள் நான். கட்டைவிரல் அளவு கோப்பையில் வந்த கறுப்புக் காப்பியைப் பார்த்து, "என்னாம்மா இது, கஷாயமா?" என்று கேட்டவர்களுக்கு உலகம் நகர்வதை ரசிக்க ஏது நேரம்? பால் எங்கே, சர்க்கரை எங்கே, பாத்ரூம் எங்கே என்று கேட்கவே சரியாக இருந்தது.

கடைசிக் காரணம்தான் உச்சம். "பாரிஸ் உங்களை மாற்றும்." பாரிஸ் யாரையும் மாற்றி நான் பார்த்ததில்லை. புதுச்சேரி மூலக்குளத்திலிருந்து போனவர்கள் மூலக்குளமாகவே திரும்பி வந்தார்கள், கூடுதலாக ஈஃபில் டவர் தொங்கும் ஒரு கீ செயினுடன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சனிக்கிழமை ஆனால் பெங்களூர்க்காரர்கள் புதுச்சேரிக்கு வந்து, மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்து, குட்டிப் பாரிஸ் என்று போட்டுக்கொள்கிறார்கள். அதே சனிக்கிழமை நான் எங்கள் ஆட்களை நிஜப் பாரிஸில் நடக்கவிட்டால், "நம்ம பீச் ரோடு மாதிரியேதான் இருக்குது, கடலைத்தான் காணோம்" என்பார்கள். இதுதான் என் தொழில்.

தொழிலுக்கு நான் வந்தது பெரிய கதை இல்லை. அப்பா மில் தொழிலாளி. மில் பாதி நாள் மூடிக் கிடந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சும் நிறைய முட்டிக்கால் தண்டனையும் கிடைத்தன. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், டிக்கெட் போட்டேன், பிறகு ஒருநாள் டூர் மானேஜருக்கு வயிற்றுப்போக்கு என்று என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இறங்கும்போது நான் டூர் மானேஜர்.

ஏற்றிவிட்டவர் எங்கள் முதலாளி கபிரியேல். ஊருக்கு முசே. பிரெஞ்சில் ஐயா என்று சொல்வதை எங்கள் ஊர் வாய் அப்படித்தான் சொல்லும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, எந்நேரமும் ஏதோ துக்கச் செய்தி கேட்டவர் போன்ற முகம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தினால் உலகமே தீப்பிடித்தாலும் தூங்கி எழுந்த பிறகுதான் அணைப்பார். என்னை வேலைக்கு எடுத்த அன்றே சொன்னார்.

"ஊரைக் காட்டுறது நம்ம வேல இல்ல பிரேமா. ஊரு அங்கியேதான் இருக்கும், எங்கியும் போவாது. ஆளத் திரும்பக் கொண்டாந்து வுடுறதுதான் நம்ம வேல."

பாரிஸ் டூரை வெள்ளிக்கிழமை இறங்கி திங்கட்கிழமை ஏறும்படி சுருக்கியதும் அவர்தான். அதற்கு மேல் விட்டால் நம் ஆட்கள் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கில் தவறில்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு குடும்பத்துக்காவது பாரிஸில் ஆள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தாத்தா ஒருவர் போதும். அவரைச் சொல்தா என்பார்கள். அவர் வழியில் பேரன், பேத்தி, பேத்தி கட்டியவனின் தங்கை என்று ஒரு ஊரே அங்கே குடியிருக்கிறது.

விசாவுக்கு முன் முசே ஒரு ஒத்திகை வைப்பார். அதைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. தன் நாற்காலியை விட்டு எழுந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் மர நாற்காலியில் போய் உட்கார்வார். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். அவ்வளவுதான், ஆள் விசா அதிகாரி ஆகிவிடுவார். தமிழையே மூக்கால் பேசுவார். வாடிக்கையாளர் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும். தட்டாமல் வந்தால் திரும்பப் போகச் சொல்வார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன் உட்கார்ந்தாலும் அப்படியே.

"ஏன் போறீங்க?"

"ஊரு சுத்திப் பாக்கங்க."

"இவ்ளோ தூரம் போயி மூணு நாள்தான் சுத்திப் பாப்பீங்களா? வெள்ளக்காரன் போறான்னா அவனுக்கு அது பக்கத்து ஊரு. உங்களுக்கு என்னா அவசரம்?"

இங்கேதான் பாதிப் பேர் உளறுவார்கள். சித்தப்பா மகன் வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள் என்பார்கள். மச்சினிக்கு எட்டாம் மாசம் என்பார்கள். முசே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "விசா கெடையாது. அடுத்த ஆளு" என்பார். ஒரு அம்மாள் நிஜமாகவே அழுதுவிட்டார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்து, இவர் எங்கள் முதலாளிதான், போன வாரம் உங்களிடம் முன்பணம் வாங்கினாரே அதே ஆள்தான் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

"பொய் சொல்லக் கூடாது. கேக்காதத சொல்லவும் கூடாது" என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு: சொந்தக்காரர்கள் ஓட்டல் வாசலுக்கு வரலாம், நம் ஆள் அவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தச் சட்டம் பிறந்தது என் முதல் டூரில். சனிக்கிழமை காலை மியூசியத்துக்குப் பஸ் கிளம்பும்போது பஸ்ஸில் நானும் டிரைவரும் மட்டும் இருந்தோம். மற்ற எல்லோரும் புறநகர் ஒன்றில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு சொந்தம் என்றால் பரவாயில்லை, அத்தனை பேருக்கும் அதே வீடு சொந்தம். டிக்கெட் வீணாகக் கூடாது என்று டிரைவரை உள்ளே கூட்டிப்போனேன். அந்தப் பிரெஞ்சுக்காரர் பாரிஸில் பிறந்து வளர்ந்தவர், அன்றுதான் முதல்முறையாக அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்தார். "சின்னதா இருக்குதே" என்று மட்டும் சொன்னார்.

ஆள் எண்ணுவதையும் அப்போதுதான் கற்றேன். தலையை எண்ணக் கூடாது, முகத்தை எண்ணவேண்டும். ஒருதரம் தலை சரியாக இருந்தது. பஸ் பாதி தூரம் போன பிறகுதான், கடைசி சீட்டில் இருப்பவர் யாரோ ஒருவரின் மச்சான், ஏசி பஸ்ஸில் ஒரு சுற்று வரலாம் என்று ஏறினவர் என்று தெரிந்தது. அவர் இடத்துக்குரிய ஆள் ஓட்டலில் குளித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகு வந்தவர்தான் மூலக்குளத்து ஏழுமலை. என் அப்பாவைப் போலவே மில்லில் இருந்தவர். எழுபதை நெருங்கும் வயது, கட்டையான உடம்பு, மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்ததால் பேச்சு எப்போதும் ஒரு சுருதி கூட. டிக்கெட் துபாயில் இருக்கும் மகன் எடுத்தது. ஒத்திகையில் கதவைத் தட்டினார், சொல்லும் வரை நின்றார். முசேவுக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

"ஏன் போறீங்க?"

"பாக்கறதுக்குங்க."

"எத?"

"எல்லாரும் எத பாக்கறாங்களோ அத."

"அங்க சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?"

"எனக்குன்னு யாரும் இல்லிங்க."

முசே கண்ணாடியைக் கழற்றினார். பாரிஸில் யாருமே இல்லாத புதுச்சேரிக்காரரை அவர் அன்றுதான் பார்த்தார். "இந்த ஆளுதான் பிரேமா உண்மையான டூரிஸ்ட்டு" என்று எனக்குச் சிபாரிசு வேறு செய்தார். அந்த டூரில் நிம்மதியாக இருக்கலாம் என்று நானும் நம்பினேன்.

வசந்த காலம் என்று எங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது. பாரிஸ் குளிருக்கு அது தெரியவில்லை. வெள்ளியும் சனியும் ஏழுமலை எதையும் பார்க்கவில்லை. அரண்மனையில் செருப்பு வாரைச் சரி செய்தார். மியூசியத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அதிலிருந்து வந்த வாசனையைப் பஸ்ஸில் எல்லோரும் முதல்நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். வீராம்பட்டினத்துக் கருவாடு. ராத்திரிச் சோற்றுக்கு எடுத்து வந்திருப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவில் சாப்பாடு. கை கழுவப் போன ஏழுமலை திரும்பி வரவில்லை. கழிவறையைத் தட்டினேன். தெருவின் இரண்டு முனைக்கும் ஓடினேன். பை இல்லை, ஆள் இல்லை.

டூரில் போன ஒருவர் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த குரூப்புக்கு விசா வராது. அதற்கடுத்ததற்கும் வராது. ஒரு ஆள் போனால் முசேவின் ஆபீஸே போகும், அதோடு என் வேலையும் போகும். புதுச்சேரிக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது, முசே இன்னும் மத்தியானத் தூக்கத்தில்தான் இருந்தார்.

"முசே, ஏழுமலைய காணோம். கை கழுவப் போனவரு அப்பிடியே போயிட்டாரு."

முசே ஒரு கொட்டாவி விட்டார். பிறகு கேட்டார்.

"பை?"

"பையும் இல்ல."

"அதுல என்னா வெச்சிருந்தாரு?"

"கருவாடு முசே."

"அப்ப பயப்படாத. ஓடிப்போறவன் கருவாட்டத் தூக்கிக்கினு ஓட மாட்டான். யாருக்கோ குடுக்கப் போயிருக்கான். பரிமாறுன ஆள போயி கேளு." அவ்வளவுதான். திரும்பத் தூங்கப் போய்விட்டார்.

பரிமாறியவர் யாழ்ப்பாணத்துப் பையன். "அந்த ஐயாவோ? சார்செலுக்கு ரெயில் எங்க எடுக்கிறது எண்டு கேட்டவர் அக்கா. நான்தான் கூட்டிக்கொண்டு போய் ஏத்திவிட்டனான்" என்றார். நல்லது செய்த பெருமை முகத்தில் வழிந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை.

சார்செல் என்பது பாரிஸுக்கு வெளியே, நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம். குரூப்பில் ஜைத்தூன் அக்கா இருந்தார். நேரு வீதிப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பாரிஸில் தொலைந்த ஆளைக் கண்டுபிடிக்க போலீஸ் எதற்கு, ஜைத்தூன் அக்காவின் போன் போதும். பாரிஸில் இருக்கும் தன் தங்கையைக் கூப்பிட்டார். தங்கை யாரையோ கூப்பிட்டார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அந்தாளுக்குப் பொண்ணு இருக்குது பிரேமா. பேரு கலைச்செல்வி. நர்சு. சொல்தா வூட்டுப் பையனைக் கட்டிக்கிச்சி. சாதி வேற, சாமி வேற. உன் வாசல நான் மிதிக்க மாட்டேன், என் வாசல நீ மிதிக்கக் கூடாதுன்னு ஊரக் கூட்டி வெச்சி சத்தியம் பண்ணிட்டாராம் இந்த மனுசன். அட்ரஸ் வந்துடுச்சி, வா போலாம்."

நான் மட்டும் ரயிலில் போய்வரலாம்தான். ஆனால் இவர்களை இங்கே விட்டுப் போனால், ஏழுமலையோடு நான் திரும்பும்போது மீதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே மொத்தப் பஸ்ஸையும் கிளப்பினேன். பிரெஞ்சு டிரைவரிடம் இது முக்கியமான சுற்றுலாத்தலம் என்றேன். சார்செலையா என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒரு கட்டடத்துக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், இலை விடாத மரத்தின் கீழ் ஏழுமலை நின்றிருந்தார். அளவு பொருந்தாத பச்சை ஸ்வெட்டர், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, விலாசம் எழுதிய சீட்டு விரலிடுக்கில், பை காலடியில். உட்கார பெஞ்ச் பக்கத்திலேயே இருந்தது. உட்காரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வயதைப் பார்க்காமல் கத்தினேன்.

"என்னா வேல ஐயா செஞ்சீங்க? உயிரே போயிடுச்சி எனக்கு. இங்க வந்து ஏன் நிக்கிறீங்க? போறதுன்னா மேல போங்க. இல்லன்னா பஸ்ஸுல ஏறுங்க."

"போவக் கூடாதும்மா. சத்தியம்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் கட்டடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். அவருக்குப் பழக்கமான உரத்த குரல் இல்லை.

"அவ அம்மா செத்தப்ப வந்தாம்மா அவ. இங்கருந்து பிளேன் ஏறி வந்தா. வூட்டுக்குள்ள வரல, நான் சொன்ன சொல்ல வெச்சிக்கினு தெருவுல நின்னா. பாடைய வெளிய எடுக்கற வரைக்கும் அந்த வெயில்ல நின்னா. வான்னு ஒருத்தரும் கூப்படல. நானும் கூப்படல. ஒரு பொம்பள சொம்புல தண்ணி குடுத்தா, அதக் கூட வேணாம்ட்டா. நானும் அவ தெருவுல நிக்கணும்னுதான் வந்தன். நின்னுட்டு வந்துடுவன். அதுக்குள்ள நீ வண்டியோட வந்துட்ட."

இப்படி ஒரு காரணத்துக்கு யாரும் பாரிஸ் போய் நான் கேட்டதில்லை. அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து பார்க்கவேண்டும் என்று கூட அவர் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே நின்றுவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

ஆனால் ஜைத்தூன் அக்காவின் போன் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு கலைச்செல்வி வந்தாள். வீட்டுச் செருப்போடு, தோளில் ஒரு சால்வை, கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதுப் பெண்குழந்தை. வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் சாலை. அதில் வண்டி கூட அதிகம் இல்லை. பஸ்ஸின் ஜன்னல்களில் எங்கள் குரூப் மொத்தமும் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் சாலையைத் தாண்டினேன்.

"உள்ள கூப்புடும்மா" என்றேன்.

"கூப்பிட்டு, வர மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா? அத்தன பேரு பாக்கறாங்கக்கா."

திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். "கூப்ட்டா போவீங்களா?"

"எப்பிடிம்மா போவன்? ஊரறியச் சொன்ன சொல்லு."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது. டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவருக்கு வேலை நேரம் முடிந்தால் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அது அந்த ஊர்ச் சட்டம். மாலைக்குள் ஈஃபில் டவரைக் காட்டாமல் போனால் குரூப் என்னைக் கொன்றுவிடும், அது எங்கள் ஊர்ச் சட்டம்.

அந்த எரிச்சலில்தான் எனக்கு வழி தெரிந்தது. நடுச்சாலையில் நின்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"யாரு வூட்டுக்கும் யாரும் போவ வேணாம். ஈஃபில் டவரு யாரு வூட்டு வாசலும் இல்ல. நாங்க அங்கதான் போறோம். பஸ்ஸுல எடம் இருக்குது. ஏறறவங்க ஏறுங்க."

கலைச்செல்வி குழந்தையைப் பார்த்தாள். வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். பிறகு அதோடேயே வந்து ஏறினாள். ஏழுமலை முன் சீட்டு, அவள் கடைசி சீட்டு. பஸ் முழுக்க ஒரு சத்தம் இல்லை. எங்கள் ஆட்களை அப்படி அமைதியாக நான் விமானம் காற்றில் ஆடியபோது கூடப் பார்த்ததில்லை.

டவருக்குக் கீழே எல்லோரும் படம் எடுக்க ஓடினார்கள். ஏழுமலை அவ்வளவு பெரிய இரும்புக்கு முதுகைக் காட்டி நின்றார். கலைச்செல்வி நாலு அடி தள்ளி நின்றாள். நடுவில் ஜைத்தூன் அக்கா.

"அக்கா, இந்தப் பையக் குடுங்க அவகிட்ட. கருவாடும் முறுக்கும் இருக்குது."

"அவருக்கு சுகரு இருக்குதான்னு கேளுங்கக்கா."

"இருக்குதுன்னு சொல்லுங்க. மாத்திர போடறேன்னு சொல்லுங்க."

"காலைல போட்டாரான்னு கேளுங்க."

ஜைத்தூன் அக்கா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி கண்டார். "அல்லா, ரெண்டு பேருக்கும் தமிழு தெரியுது, காது கேக்குது. நடுவுல நான் எதுக்கு தந்திக் கம்பி மாதிரி? நானும் காசு குடுத்துத்தான் வந்திருக்கேன், எனக்கும் டவரு பாக்கணும்" என்று போயே போய்விட்டார்.

குழந்தை என் சட்டையை இழுத்து பிரெஞ்சில் ஏதோ கேட்டது.

"புள்ள என்னா கேக்குது?" என்றார் ஏழுமலை.

"நீங்க யாருன்னு கேக்குது."

அவர் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். அது வாங்கிக் கடித்தது. பற்கள் முறுக்கை உடைக்கும் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கடைசியில் கலைச்செல்விதான் பேசினாள். நேராக அவரைப் பார்த்து.

"யாரு ஸ்வெட்டர் இது?"

"எதுத்த வூட்டு வாத்தியாருது. திருப்பிக் குடுக்கணும்."

"பெருசா இருக்குது."

"வாத்தியாரு பெருசு."

அத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பனும் பெண்ணும் பேசியது இதுதான். நான் பெரிய அழுமூஞ்சி இல்லை. பாஸ்போர்ட் தொலைத்தவர்களையும் மாமியாரோடு தேனிலவு வந்தவர்களையும் கண் கலங்காமல் சமாளித்தவள். அன்று டவரைப் பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றுகொண்டு அழுதேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவர்களைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை விமானத்தில் முகங்களை எண்ணினேன், எல்லா முகமும் இருந்தது. ஏழுமலையின் மேல் மட்டும் ஸ்வெட்டரோடு ஒரு புது மப்ளரும் இருந்தது.

அடுத்த வருடம் ஏழுமலை மறுபடி ஆபீஸுக்கு வந்தார். "போன வாட்டி டவர சரியாப் பாக்கலம்மா" என்றார். அது உண்மைதான், அவர் முதுகைத்தானே காட்டிக்கொண்டிருந்தார். முசே ஒத்திகை கூட வைக்கவில்லை. "அந்த ஆளுக்கு ஞாயித்துக்கெழமையில ரூல் எதுவும் கெடையாது" என்று என்னிடம் ஜாடையாகச் சொன்னார். அதற்கடுத்த வருடமும் வந்தார். மியூசியம், அரண்மனை, நதி எதிலும் அவர் எந்த முன்னேற்றமும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவருக்குக் கீழே மகளும் பேத்தியும் காத்திருப்பார்கள். ஒருதரம் மருமகனும் வந்தான். இரண்டு ஆண்களும் கைகுலுக்கிவிட்டு, பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார்கள். மாலையானால் அவர்கள் சார்செலுக்கு, இவர் ஓட்டலுக்கு. வாசல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நிவேதாவுக்கு இதைத்தான் போனில் சொன்னேன். வீக்எண்டுக்குப் பாரிஸ் போக ஒரே ஒரு காரணம் எனக்குத் தெரியும். உன் வீடும் வேண்டாம், என் வீடும் வேண்டாம் என்று முறைத்துக்கொண்டவர்கள் ரோஷத்தை விடாமல் சந்திப்பதற்கு அவ்வளவு பெரிய பொது இடம் வேறு இல்லை. மூன்றே நாள் என்பதும் வசதி. இன்னும் நாலு நாள் இருங்கள் என்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். கெஞ்சவில்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

"சூப்பர் மேடம்" என்றாள். "ஆனா இத ஒரு வரியில எப்பிடிப் போடறது?"

போடாதே என்றேன். அவள் நதிக்கரையையே போட்டுக்கொள்ளட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

அவளிடம் சொல்லாத மிச்சம் ஒன்று உண்டு. நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஏழுமலை வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வழக்கம்போல டூர் விளம்பரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதைத் தொடவில்லை.

"டூரு வேணாம்மா. டிக்கெட்டு மட்டும் போடு."

"தனியாவா? எத்தன நாளைக்கு ஐயா?"

"ஒரு மாசம் போடு. பேத்திக்கு லீவு வுடறாங்களாம்."

"ஓட்டல் எங்க போடட்டும்? டவர் பக்கமா?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஓட்டல் வேணாம்மா. பொண்ணு வூடு இருக்குது."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு டிக்கெட் போட்டேன். ஓட்டல் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அன்றோடு எங்கள் டிராவல்ஸ் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.